பெயரும் பொறுப்பும்: லெ குவினின் எர்த்சீப் புதினங்கள்

தாம் எழுதிய நூலுக்குத் தொடர்ச்சி எழுதிய ஆசிரியர் பலர். தாம் எழுதிய நூலைத் தாமே வினாவுக்கு உட்படுத்தி, அவ்வினாவையும் அந்நூலின் ஓர் உறுப்பாகவே ஆக்கிக் காட்டியவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின். அவர் 1968ஆம் ஆண்டில் ‘எர்த்சீயின் மந்திரவாதி’ என்னும் புதினத்தை இளையோர்க்கென எழுதினார். 1971இல் ‘அட்டுவானின் கல்லறைகள்’ என்பதும், 1972இல் ‘கடைக்கோடிக் கரை’ என்பதும் நூல்வடிவில் வெளிவந்தன. இம்மூன்றும் ஒரு தொகுதியாகப் போற்றப்பட்டன. அதன்பின் 18 ஆண்டுகள் அவ்வுலகைப் பற்றி அவர் நூலொன்றும் வெளியிடவில்லை. 1990இல் ‘தெஹானு’ வந்தது. 2001இல் ‘எர்த்சீக் கதைகள்’ என்னும் தொகுப்பும், ‘மற்றைக் காற்று’ என்னும் புதினமும் வந்தன. ஆக, நூல்கள் ஆறு.

இவ்வாறு நூல்களைப் பற்றி இருவேறு கொள்கைகள் நிலவுகின்றன. முதல் மூன்றுமே நிறைவுடைய காப்பியம், பின்னைய மூன்றும் ஆசிரியர் தம் கொள்கையைப் புகுத்துவதற்காக ஒட்டிய ஒட்டு என்பது ஒரு சாரார் கருத்து. முதல் மூன்றும் ஆடவர் நோக்கில் அமைந்த குறையுடைய நூல்கள், பின்னைய மூன்றும் அக்குறையை நீக்கிய திருத்தம் என்பது மற்றொரு சாரார் கருத்து. இவ்விரண்டும் தம்முள் மாறுபடினும், ஒன்றில் உடன்படுகின்றன. முன்னதற்கும் பின்னதற்கும் இடையே ஒரு முறிவு உண்டு என்பதே அது. அம்முறிவு உண்மையா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு ஆசிரியரின் வாழ்வையும் நூல்களின் அமைப்பையும் ஒருங்கு வைத்துக் காணவேண்டும்.

1. பிறப்பும் பின்புலமும்

லெ குவின் 1929ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கலிபோர்னியாவில் பெர்க்லி நகரில் பிறந்தார். தந்தையார் ஆல்ஃபிரட் குரோபர், அமெரிக்க மானிடவியல் அறிஞருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். கலிபோர்னியாவின் பழங்குடி மக்களின் மொழிகளையும் வழக்கங்களையும் தொகுத்தவர். தாயார் தியோடோரா குரோபரும் எழுத்தாளர். பிற மக்களின் கதைகளும் சடங்குகளும் நாள்தோறும் பேசப்படும் வீட்டில் லெ குவின் வளர்ந்தார். உலகில் ஒரு முறைதான் உண்டு, அது நம் முறையே என்னும் எண்ணம் அத்தகைய வீட்டில் வேரூன்ற இடமில்லை.

அவர் 1951இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1952இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, இத்தாலிய இலக்கியங்களைக் கற்று முதுகலைப் பட்டம் பெற்றார். 1953இல் ஆய்வு உதவித்தொகை பெற்றுப் பிரான்சு நாட்டிற்குச் செல்லும்போது வரலாற்று மாணவர் சார்லஸ் லெ குவினைச் சந்தித்து, அவ்வாண்டிலேயே பாரிசில் மணந்துகொண்டார். முனைவர் பட்ட ஆய்வு அத்துடன் நின்றது. பின்னர் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் இருவரும் குடியமர்ந்தனர். மூன்று மக்களை வளர்த்துக்கொண்டே அவர் எழுதினார். எழுத்துக்கு உடனே இடம் கிடைத்துவிடவில்லை. பதினோராம் அகவையில் ஓர் அறிவியற்கதை இதழுக்கு அவர் விடுத்த கதை திரும்பி வந்தது. முதற் சிறுகதை அச்சேறியது 1961இல். முதற் புதினம் வெளிவந்தது 1966இல். அப்பொழுது அவருக்கு அகவை 36.

இவ்வாழ்க்கைக் குறிப்புகளுள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது ஒன்று உண்டு. 1911ஆம் ஆண்டு, தம் இனத்தார் அனைவரும் அழிந்துபோன நிலையில், யாஹி என்னும் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் வடகலிபோர்னியாவில் ஓரூர்ப் புறத்தே தனித்து வந்து நின்றார். குரோபரும் அவருடைய உடன்பணியாளரும் அவரை அருங்காட்சியகத்தில் தங்க வைத்தனர். தம் பெயரைத் தாமே பிறர்க்கு உரைப்பது அவர் மரபன்று. எனவே குரோபர் அவரை ‘இஷி’ என அழைத்தார். அவர்தம் மொழியில் அச்சொல்லுக்கு மனிதன் என்பதே பொருள். 1916இல் அவர் இறந்தார். அவருடைய மெய்ப்பெயர் எவருக்கும் தெரியாமலே போயிற்று. லெ குவின் பிறப்பதற்கு 13 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. அவர் வரலாற்றைத் தியோடோரா குரோபர் 1961இல் ஒரு நூலாக எழுதினார். அதே வரலாற்றை இளையோர்க்கு ஏற்றவாறு மீண்டும் எழுதி 1964இல் வெளியிட்டார். இந்த இரண்டாம் நூலை வெளியிட்டது பெர்க்லியின் பர்னாசஸ் பதிப்பகம். அதற்கு ஓவியம் வரைந்தவர் ரூத் ராபின்ஸ்.

நான்காண்டு கழித்து, மெய்ப்பெயரைப் பிறர்க்கு உரையாத மக்கள் வாழும் தீவுக்கூட்டத்தைப் பற்றி மகள் எழுதிய நூல் வெளிவந்தது. வெளியிட்டது அதே பதிப்பகம். ஓவியர் அதே ரூத் ராபின்ஸ். இதனைக் கொண்டு, இஷியின் வரலாறே எர்த்சீயின் மூலம் என நாம் துணிந்து கூறவில்லை. பெயரை மறைக்கும் வழக்கம் பல நாட்டுக் கதைகளிலும் உண்டு. ஆனால், பெயர் சொல்லாமை அவ்வீட்டார்க்கு வெறும் கதைப்பொருள் அன்று. ஓர் இனத்தின் அழிவையும், அழிந்தபின்னும் ஒருவர் விடாது காத்த மானத்தையும் குறிக்கும் செய்தி அது. இதனை மனத்திற் கொண்டு நூல்களைக் கற்றல் வேண்டும்.

2. இளையோர்க்கென ஒரு நூல்

1967இல் பர்னாசஸ் பதிப்பகத்தின் தலைவர் ஹெர்மன் ஷைன், சிறுவரினும் சற்று மூத்த இளையோர்க்கு ஒரு நூல் எழுதித் தருமாறு லெ குவினைக் கேட்டார். பொருளையும் முறையையும் அவர் விருப்பத்திற்கே விட்டார். அதுவரை இளையோர்க்கெனத் தனியே எழுதும் எண்ணம் லெ குவினுக்கு இருந்ததில்லை. ஆனால் 1964இல் இதழொன்றில் அவர் எழுதிய இரு சிறுகதைகளில் எர்த்சீத் தீவுகள் முன்னரே தோன்றியிருந்தன. கதைகளில் வரும் மந்திரவாதியர் எல்லாரும் நரைத்த தாடியுடன் முதியராகவே காட்சி தருகின்றனரே, அவர்கள் இளமையில் எவ்வாறு இருந்தனர், எங்கே கற்றனர் என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. அவ்வினாவிலிருந்தே முதல் நூல் பிறந்தது என்பதைப் பின்னர் 1973இல் எழுதிய கட்டுரையில் அவரே விளக்குகின்றார்.

மந்திரம் கற்பிக்கும் பள்ளி இன்று இளையோர் புதினங்களில் வழக்கமான களமாகிவிட்டது. 1968இல் அஃது அவ்வாறன்று. ரோக் என்னும் தீவில் ஒரு கல்விநிலையத்தை அமைத்து, அங்கே ஆடுமேய்க்கும் சிறுவன் ஒருவனை மாணவனாகச் சேர்த்து, கற்றலையே கதையாக்கினார் லெ குவின். கெட் என்னும் அம்மாணவன் செருக்கினால் இறந்தாரை அழைக்கும் மந்திரத்தைக் கையாண்டு, பெயரற்ற நிழல் ஒன்றை உலகில் புகவிடுகின்றான். நிழல் அவனைத் துரத்துகின்றது. பின்னர் அவன் நிழலைத் துரத்துகின்றான். இறுதியில் கடலின் எல்லையில் அதனை எதிர்கொண்டு, அதன் பெயரைச் சொல்கின்றான். அப்பெயர் அவன் பெயரே.

இங்கே பகைவனை வெல்லும் போர் இல்லை. வெற்றியும் தோல்வியும் இல்லாமல், தன்னைத் தான் அறிந்து முழுமை பெறுதலே முடிவாக அமைகின்றது. தந்தையார் கற்ற நூலாகச் சிறுமியாயிருந்தபோதே அவர் கண்டு, பின்னர் 1997இல் தாமே ஆங்கிலத்தில் ஆக்கி வெளியிட்ட சீன நூலாகிய ‘தாவோ தே ஜிங்’கின் செல்வாக்கு இதில் உண்டு. ஒளியும் இருளும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல, ஒன்றால் ஒன்று நிற்பன என்பதே எர்த்சீ உலகின் அறம்.

இந்நூலின் மற்றொரு புதுமை மாந்தரின் நிறம். கெட் செம்மை கலந்த பழுப்பு நிறத்தவன். அவன் தோழன் வெட்ச் கருநிறத்தவன். வெண்ணிறத்தவர் கிழக்கிலிருந்து படையெடுத்து வரும் கார்கு மக்கள். இதனை ஆசிரியர் முழக்கமின்றி, கதையின் போக்கிலேயே சொல்லிச் செல்கின்றார். தலைவனைத் தன்னிலிருந்து வேறுபடாதவனாகக் கொண்டு படிக்கும் வெள்ளை இளைஞன், பல பக்கங்கள் கடந்தபின் அவன் வேறு நிறத்தவன் என அறிகின்றான். பதிப்பாளர் பலர் அட்டைப்படங்களில் கெட்டை வெள்ளையனாகவே வரைவித்தனர். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த தொடரிலும் அவ்வாறே நடந்தது. ஆசிரியர் அதனை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். நூலின் உயிர்நிலை எங்கே உள்ளது என்பதை ஆசிரியர் எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தார் என்பதற்கு அக்கண்டனம் சான்று.

3. முதல் மூன்று நூல்களில் மகளிர்

நிறத்தில் இத்துணை விழிப்புடன் இருந்த ஆசிரியர், பெண்மையைப் பொறுத்தவரை மரபு வழியே நடந்தார் என்பது பலர் கூறும் குறை. குறைக்குச் சான்றுகள் உண்டு. ரோக் பள்ளியில் மகளிர்க்கு இடமில்லை. மந்திரவாதியர் மணவாத ஆடவர். மகளிரின் மந்திரம் வலியற்றது, தீயது எனப் பழிக்கும் வழக்குரைகள் முதல் நூலிலேயே வருகின்றன. அவற்றை மறுத்துரைக்கும் குரல் எதுவும் அந்நூலில் இல்லை.

ஆயினும், நூல் சொல்வது ஒன்றாகவும் நூல் செய்வது மற்றொன்றாகவும் இருப்பதை நாம் காணவேண்டும். கெட்டுக்கு முதல் மந்திரச் சொல்லைக் கற்பித்தவள் யார்? ஊரில் மருந்தும் மாயமும் செய்யும் அவன் சிற்றன்னை. மணல் திட்டொன்றில் கைவிடப்பட்டுக் கிடந்த முதியவள் ஒருத்தி உடைந்த வளையத்தின் பாதியை அவனுக்கு அளிக்கின்றாள். அதன் மதிப்பை அப்பொழுது அவன் அறியான். அமைதிக்கு அடையாளமான அவ்வளையத்தின் மறுபாதி அட்டுவானின் கல்லறைகளுக்கு அடியில் உள்ளது. இரண்டாம் நூலில் அதனைத் தேடிச் சென்ற கெட் இருட்சுரங்கத்தில் சிறைப்படுகின்றான். அவனை விடுவிப்பவள் அக்கல்லறைகளின் பூசாரியான இளம்பெண். குழந்தைப் பருவத்திலேயே பெயர் பறிக்கப்பட்டு, ‘உண்ணப்பட்டவள்’ என்று பொருள்படும் அர்ஹா என்னும் பட்டத்தால் அழைக்கப்பட்டவள். கெட் அவளுக்குத் தெனார் என்னும் அவளுடைய பெயரை மீட்டுத் தருகின்றான். அவள் அவனுக்கு உயிரை மீட்டுத் தருகின்றாள். இருவருள் எவரும் மற்றவரின்றி வெளியேறல் இயலாது.

ஆக, கெட்டின் கல்வி, வளையம், உயிர் ஆகிய மூன்றும் மகளிர் கொடுத்தவை. இதனை அமைப்பு சொல்கின்றது. ஆனால் அவ்வுலகின் வழக்கு இதனைக் கணக்கில் கொள்ளவில்லை. இரண்டாம் நூலின் முடிவில் தெனார் வளையத்துடன் தலைநகருக்குப் போற்றப்பட்டு வருகின்றாள். அதன்பின் அவள் என்ன ஆனாள்? மூன்றாம் நூலில் அவள் கதைமாந்தராக இடம்பெறவில்லை. அங்கே கெட் தலைமை மந்திரவாதி. அர்ரென் என்னும் இளவரசன் அவனுடன் செல்கின்றான். உலகைக் காத்து, தன் ஆற்றல் முழுதும் இழந்து, கெட் மறைகின்றான். இளவரசன் அரசனாகின்றான். தொகுதி முடிந்தது போல் தோன்றுகின்றது. ஆனால் தெனாருக்கு அவ்வுலகில் இருக்க இடமில்லை என்னும் வினா விடையின்றி நிற்கின்றது. அவ்வெற்றிடத்தைப் பின்னர் வந்தவர் யாரும் அகழ்ந்து உண்டாக்கவில்லை. முதல் தொகுதியே அதனைத் தன்னுள் கொண்டிருந்தது.

4. ‘தெஹானு’: பேறும் குறையும்

1990இல் வந்த நான்காம் நூல் தெனாரிடமே தொடங்குகின்றது. அவள் இப்பொழுது நடுவயதைக் கடந்த கைம்பெண். கோன்ட் தீவில் உழவன் ஒருவனை மணந்து, மக்களை வளர்த்து, வயலும் ஆடும் பேணி வாழ்ந்தவள். தன் உற்றாராலேயே தீயில் தள்ளப்பட்டு முகமும் கையும் வெந்த சிறுமி ஒருத்தியை எடுத்து வளர்க்கின்றாள். ஆற்றலிழந்த கெட் டிராகன் ஒன்றன் முதுகில் அங்கே வந்து சேர்கின்றான். அவன் ஆடு மேய்க்கப் போகின்றான். போரில்லை, பயணமில்லை. சமையலும் நெசவும் அச்சமும் காத்திருத்தலுமே கதை.

முதல் நூலை 12ஆம் அகவையில் படித்தவர்க்கு இந்நூல் வெளிவந்தபோது அகவை 34. மந்திரவாதியின் வீரத்தைக் கண்டு வளர்ந்த அவருள் பலர் ஏமாற்றமடைந்தனர். தம் தலைவனை ஆசிரியர் இழிவுபடுத்திவிட்டார் என்றனர். இக்குறையை நாம் ஏற்பதற்கில்லை. கெட் ஆற்றலிழந்தது நான்காம் நூலில் அன்று, மூன்றாம் நூலில். ஆற்றலை மட்டுமே கற்ற ஒருவன் அஃது ஒழிந்தபின் எவ்வாறு வாழ்வான் என்னும் வினாவை மூன்றாம் நூல் எழுப்பிவிட்டு, பாட்டின் புகழுக்குள் மறைத்துச் சென்றது. நான்காம் நூல் அதற்கு விடை தேடுகின்றது. தலைவன் ஆடுமேய்ப்பவனாகத் தொடங்கினான், ஆடுமேய்ப்பவனாகவே மீள்கின்றான். இதில் இழிவு காண்பவர், ஆட்டுமந்தையை இழிவாகக் காண்பவரே.

எனினும், ‘தெஹானு’ குறையற்ற நூல் என்பதும் நம் கருத்தன்று. முதல் நூலில் தீமை கெட்டின் உள்ளிருந்தே வந்தது. அதுவே அந்நூலின் பெருமை. நான்காம் நூலில் தீயவர் புறத்தே நிற்கின்றனர். சிறுமியைத் துரத்தும் கயவர்க்கும், தெனாரை அடிமைப்படுத்தும் மந்திரவாதிக்கும் வெறுப்பைத் தவிர வேறு உள்ளம் இல்லை. தெனார் மூதாட்டி ஒருத்தியுடன் ஆடவர் மகளிர் இயல்பு பற்றி நிகழ்த்தும் உரையாடல்களுள் சில, கதையின் தேவைக்கு மிகுதியாக நீள்கின்றன. முடிவில் டிராகன் வந்து இடர் தீர்ப்பதும் திடுமென நிகழ்கின்றது. ஆசிரியரின் சினம் நியாயமானது. ஆனால் நியாயமான சினமும் கதைமாந்தரை ஒற்றைப் பரிமாணம் உடையவராக்கிவிடக் கூடும் என்பதற்கு இந்நூல் எடுத்துக்காட்டாகின்றது. இதனை மறைத்து இந்நூலைப் போற்றுவது ஆசிரியர்க்கும் நன்மை செய்வதன்று.

இக்குறைகளுக்கு இடையிலும் நிலைத்து நிற்பவள் அச்சிறுமி. அவள் புண் ஆறுகின்றது, ஆனால் வடு மாறவில்லை. மந்திரம் உள்ள உலகில் ஒரு குழந்தையின் முகத்தை ஆசிரியர் எளிதில் சீராக்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. நேர்ந்த கொடுமையை நேராதது போல் ஆக்கும் மந்திரம் இல்லை என்பதை இளைய வாசகரிடம் ஒளிக்காமல் சொல்கின்றார். இதுவே இளையோரை மதித்து எழுதுதல் என்க.

5. கற்சுவர்

முறிவு உண்டா என்னும் வினாவுக்கு உறுதியான விடை, பெயர் என்னும் கருத்து ஆறு நூல்களிலும் செல்லும் வழியில் உள்ளது.

எர்த்சீயில் ஒவ்வொரு பொருளுக்கும் படைப்பின் மொழியில் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதனை அறிந்தவன் அப்பொருளை ஆள்வான். ஆகவே மக்கள் மெய்ப்பெயரை மறைத்து வழக்குப் பெயரால் வாழ்கின்றனர். கெட்டின் வழக்குப் பெயர் ஒரு பறவையின் பெயர். உண்மை நண்பனிடம் மட்டுமே மெய்ப்பெயரைச் சொல்வர். முதல் நூலில் வெட்ச் தன் மெய்ப்பெயரைக் கெட்டுக்குச் சொல்வதே நட்பின் உச்சம். இங்கே பெயர் ஆற்றலாகவும் நம்பிக்கையாகவும் உள்ளது.

ஆனால் முதல் நூலிலேயே மற்றொரு காட்சியும் உண்டு. இறக்கும் குழந்தையைக் காக்க முயன்ற கெட், அதன் உயிரைப் பின்தொடர்ந்து இருண்ட மலைச்சரிவில் இறங்கி, தாழ்ந்த கற்சுவர் ஒன்றைக் காண்கின்றான். அதற்கப்பால் இறந்தோர் நாடு. மூன்றாம் நூலில் கெட்டும் அர்ரெனும் அச்சுவரைக் கடக்கின்றனர். அங்கே காற்றில்லை, மழையில்லை. விண்மீன்கள் அசைவதில்லை. இறந்தோர் தெருக்களில் நடக்கின்றனர். அன்பு பூண்டிருந்தவரும் ஒருவரையொருவர் அறியாது செல்கின்றனர். அவர்களிடம் எஞ்சியிருப்பது பெயர் ஒன்றே. அப்பெயரைச் சொல்லி அழைத்தால் வரவேண்டியவராக உள்ளனர்.

மூன்றாம் நூல் இந்நாட்டை இயற்கையின் ஒரு கூறாகக் காட்டுகின்றது. இறவாமையை விரும்பியவன் திறந்துவிட்ட வாயிலை அடைப்பதே அங்கே வீரம். ஆனால் கூர்ந்து நோக்கும் மாணவர்க்கு ஓர் ஐயம் எழும். சமனிலையே அறம் என்று கற்பிக்கும் உலகில், பிறப்பும் இல்லாத, மாற்றமும் இல்லாத இந்நாடு சமனிலைக்கு எவ்வாறு பொருந்தும்? சாவு வாழ்வோடு இயைந்தது என்று கெட் கூறுகின்றான். அவன் காணும் இறந்தோரோ மண்ணாகவும் புல்லாகவும் மாறாமல் பெயருக்குள் அடைபட்டுக் கிடக்கின்றனர். நூலின் கொள்கையும் நூலின் காட்சியும் இங்கே மாறுபடுகின்றன.

‘மற்றைக் காற்று’ இம்மாறுபாட்டையே பொருளாகக் கொண்டது. இறந்தோர் கற்சுவருக்கு அப்பாலிருந்து விடுவிக்குமாறு இரந்து கை நீட்டுவதாக ஒருவன் நாள்தோறும் கனவு காண்கின்றான். அரசனும் தெனாரும் தெஹானுவும் மந்திரவாதியரும் டிராகன் இனத்தாரும் கூடி ஆராய, உண்மை வெளிப்படுகின்றது. அந்நாடு இயற்கையன்று. பண்டை மந்திரவாதியர் இறவாமையை விரும்பி, டிராகன்களுக்கு உரிய மேற்றிசை நிலத்தில் ஒரு பகுதியைக் கவர்ந்து, சுவரெழுப்பி அமைத்தது. சுவரெழுந்ததும் அங்கே காற்று நின்றது, நீர் வற்றியது. மெய்ப்பெயர் வழக்கமில்லாத கார்கு மக்கள் இறந்தபின் அங்கே செல்வதில்லை என்னும் செய்தி இதற்குத் துணையாகின்றது. ஆற்றல் தந்த பெயரே சாவில் தளையாயிற்று. இறுதியில் சுவர் இடிகின்றது. இறந்தோர் ஒளியில் கலந்து மறைகின்றனர்.

இம்முடிவு முதல் நூலை மறுப்பதா? மறுப்பதன்று என்பது நம் முடிபு. முதல் நூலில் இளைஞன் ஒருவன் தன் நிழலைப் பிறனெனக் கருதி ஓடி, பின்னர் அது தானே என அறிந்து அதன் பெயரை ஏற்றான். ஆறாம் நூலில் மந்திரவாதியர் குலம் முழுவதும் தன் நிழலைக் காண்கின்றது. சாவு நாடு எனத் தாம் அஞ்சியது தம் முன்னோர் செய்த தீங்கே என அறிந்து, அதனை ஏற்று நீக்குகின்றது. தனிமனிதனுக்கு நிகழ்ந்தது குலத்திற்கு நிகழ்கின்றது. அவ்வாறே, ‘எர்த்சீக் கதைகள்’ தொகுப்பில் முதற்கண் உள்ள நெடுங்கதை, ரோக் பள்ளியைத் தொடங்கியோருள் மகளிரும் இருந்தனர் என்றும், பின்னரே அவர்கள் விலக்கப்பட்டனர் என்றும் காட்டுகின்றது. பள்ளியின் வரலாறும் ஒரு மெய்ப்பெயர் போன்றதே. மறைக்கப்பட்டிருந்த அதனை ஆசிரியர் சொல்லிவிடுகின்றார்.

‘தெஹானு’வின் முதற்பதிப்பு எர்த்சீயின் இறுதி நூல் என்னும் துணைப்பெயருடன் வந்தது. அக்கூற்று தவறு என ஆசிரியரே பின்னர் ஒப்புக்கொண்டு மேலும் எழுதினார். இதுவும் அவர் இயல்புக்கு ஒத்ததே.

6. பரிசுகளும் பகுப்பும்

லெ குவின் எர்த்சீயோடு நின்றவர் அல்லர். 1969இல் ‘இருளின் இடக்கை’, 1974இல் ‘உடைமையற்றோர்’ ஆகிய அறிவியற் புதினங்களால் பெரும்புகழ் பெற்றார். 2004 முதல் 2007 வரை இளையோர்க்கென மேற்குக்கரை பற்றிய மூன்று புதினங்களை வெளியிட்டார். ‘கடைக்கோடிக் கரை’ 1973இல் சிறார் நூலுக்கான அமெரிக்கத் தேசிய நூற்பரிசைப் பெற்றது. இளையோர் இலக்கியப் பணிக்காக அமெரிக்க நூலகச் சங்கத்தின் மார்கரெட் எட்வர்ட்ஸ் பரிசு 2004இல் அவருக்கு வழங்கப்பட்டது. 2014இல் அமெரிக்க இலக்கியத்திற்கு ஆற்றிய தொண்டிற்கான தேசியப் பதக்கத்தைப் பெற்றபோது, அதனைக் கற்பனைக் கதை எழுதியதால் நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட எழுத்தாளர் அனைவரோடும் பகிர்ந்துகொள்வதாகக் கூறினார். 2018ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் போர்ட்லண்டில் மறைந்தார். கெட்டின் இறுதி நாளைக் கூறும் அவருடைய கடைசி எர்த்சீக் கதை, அவர் மறைந்தபின் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

1973இல் ‘சிறார்’ எனப் பகுத்த கையே 2014இல் ‘இலக்கியம்’ எனப் பகுத்தது. இடைப்பட்ட 41 ஆண்டுகளில் அந்நூலில் ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியது கற்போர் நோக்கே. இளையோர்க்குரியது என்பது ஒரு நூல் யாரை நோக்கிப் பேசுகின்றது என்பதைக் காட்டும் குறிப்பு. அது தரத்தின் அளவுகோல் ஆகாது. இவ்வேறுபாட்டை உணராமல் இத்துறையில் ஆய்வு செய்யப் புகுவோர், நூலைக் கற்குமுன்பே தீர்ப்பெழுதியவராவர்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் தெளிவாவன இவை. எர்த்சீயின் ஆறு நூல்களுக்கு இடையே காலத்தால் இடைவெளி உண்டு, கருத்தால் முறிவு இல்லை. பின்னைய நூல்கள் எழுப்பும் வினாக்கள் முன்னைய நூல்களின் அமைப்பிலேயே அடங்கியிருந்தன. தெனாருக்கு இடமின்மையும், சமனிலை அறத்தோடு பொருந்தாத சாவு நாடும் அவற்றுள் தலையாயவை. பின்னைய நூல்கள் எல்லா இடத்தும் முன்னையவற்றின் கலைச்செறிவை எட்டவில்லை. ‘தெஹானு’வின் தீயவர் படைப்பு அதற்குச் சான்று. ஆயினும் அவையின்றி முன்னையவை முழுமை பெறா.

ஆசிரியரின் வாழ்வு அவர் நூலுக்குத் திறவுகோல் என எண்ணுவது எளிது. பழங்குடியினரைக் கற்ற தந்தை, பெயர் சொல்லாத ஒருவரைப் பற்றி எழுதிய தாய் என்று காரணங்களை அடுக்கிவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது போல் தோன்றும். ஆனால் அதே வீட்டில் பிறந்த பிறர் எர்த்சீயை எழுதவில்லை. வாழ்வு தந்தது பொருள். அப்பொருளை 1964 முதல் 2018 வரை கைவிடாது வைத்திருந்து, தம் படைப்பின் குறையையும் தம்முடையதே என ஏற்றது அவருடைய உழைப்பு. கெட் தன் நிழலுக்குத் தன் பெயரையே இட்டான். லெ குவினும் தம் நூல்களின் நிழலுக்கு அவ்வாறே செய்தார். திறனாய்வாளர் அவரைப் போற்றவேண்டுவது முதல் மூன்று நூல்களின் அழகுக்காக மட்டும் அன்று, அவ்வழகைத் தாமே வினவத் துணிந்த நேர்மைக்காகவும் ஆகும்.